75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வெழுத விடக்கூடாதா?

மேலூரிலிருந்து ஒரு தந்தை, ஜூலை 3, 2025

என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அவன் வகுப்பில் ஏழெட்டுப் பேர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தலைகாட்டுகிறார்கள். கேட்க ஆள் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் மழை வெயில் பார்க்காமல் தினமும் வருகிற பிள்ளைக்கு என்ன மரியாதை? 75 சதவீதம் இல்லாதவனைத் தேர்வு எழுத விடவே கூடாது. ஒரு வருஷம் நிறுத்திப் பாருங்கள், அடுத்த வருஷம் தானாக வருவான். பயம் இருந்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும். ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஜூலை 4

நான் சொல்கிறேன், தம்பி. உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வகுப்பாசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் சொல்லும் மருந்துதான் ஆகாது.

நிறுத்தி வைத்தால் தானாக வருவான் என்கிறீர்கள். வரமாட்டான். பதினைந்து வயதுப் பையன் தன்னைவிடச் சின்னவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரக் கூசுவான். ஒரு லேத் பட்டறையிலோ பரோட்டா கடையிலோ வேலைக்குச் சேர்ந்துவிடுவான். சேர்ந்த முதல் வாரத்தில் கையில் கூலி வந்துவிடும். அதற்குப் பிறகு அவனைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு பாடு என்று அழைக்கப் போனவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு அவன் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறானே, அந்த இரண்டு நாளை மூன்றாக்குவது எப்படி என்று பாருங்கள். அதையும் இல்லாமல் செய்கிற யோசனை வேண்டாம்.

ஜூலை 4, இரவு

சட்டம் என்ன சொல்கிறது என்று திருநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு வரை ஒன்று, அதற்கு மேல் வேறு.

எட்டு வரை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைச் சேர்ப்பதோடு அதன் வருகையையும் படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வது அரசின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வேண்டிய கடமை பெற்றோருக்கு. பிள்ளைக்கு என்று எந்தத் தண்டனையும் இல்லை. வரவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு முடியும் வரை பெயரை நீக்கவும் கூடாது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை நிறுத்தி வைக்கலாம் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு ஏற்கவில்லை. இங்கே எட்டு வரை தேர்ச்சி தொடர்கிறது.

வேலை நாள் கணக்கும் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள். பலர் பேசுகிற 75 சதவீதம் மேல்வகுப்புகளின் பொதுத் தேர்வுக்கானது. சிபிஎஸ்இ பள்ளிகளிலும் அதே 75தான். நோய், குடும்பத்தில் சாவு போன்ற காரணங்களுக்குச் சான்று கொடுத்தால் குறையை மன்னிக்க அங்கே இடம் இருக்கிறது.

மேல்வகுப்புக்கும் 220 நாள் என்றே வைத்துக்கொண்டால், அதில் 75 சதவீதம் 165. அதாவது 55 நாள் வராமல் இருந்தாலும் விதிக்குள்தான் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் தவறாமல் வராமலிருக்கும் பிள்ளை இந்தக் கணக்கில் பிடிபடவே மாட்டான். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் கணக்குப் பாடத்தை விடுகிறவன் எங்கே போய் நிற்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூலை 5

இன்னொன்று விட்டுப்போயிற்று. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அவர்கள் எல்லோரும் தேர்வுக்குப் பெயர் பதிவானவர்கள். தேர்வு எழுத விடமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே வரவில்லை. தேர்வுக்கூடத்தின் கதவை மூடுவோம் என்று மிரட்டினால் பயப்படுகிறவன், அந்தக் கதவுக்குள் நுழைய ஆசைப்படுகிறவன்தான். மற்றவனுக்கு அந்த மிரட்டல் காதில் விழவே விழாது.

அந்த 50 ஆயிரம் பேரில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பிலேயே, எட்டாம் வகுப்பிலேயே நழுவத் தொடங்கியிருப்பார்கள்! அப்போது அவர்களுடைய வகுப்பாசிரியர் கையில் பதிவேடு இருந்தது. ஒவ்வொரு நாளும் அது அவர் கண்முன்தான் இருந்தது.

ஜூலை 8

பதிவேட்டை எப்படிப் பார்ப்பது என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டிருக்கிறார். இந்த வருஷம்தான் பணியில் சேர்ந்தாராம். கண்ணு, இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போது செயலியில் வருகை போட்டு அனுப்பிவிடுகிறீர்கள். அனுப்பியதும் அது போய்விடுகிறது. பழைய பதிவேட்டில் மாதம் முழுவதும் ஒரே பக்கத்தில் விரியும். முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு எதிர்ச் சாய்கோடு, இரண்டும் சேர்ந்தால் ஒரு பெருக்கல் குறி. வராதவனுக்குச் சிவப்பு மையில் எழுத்து. மாதக் கடைசியில் பக்கத்தை எட்டப் பிடித்துப் பார்த்தால் போதும், சிவப்பு எங்கே கூடி நிற்கிறது என்று தெரிந்துவிடும். நெடுக்காக ஒரே வரிசையில் கூடினால் அது ஊர்க் காரணம்: திருவிழா, பெரிய முகூர்த்தம், பஸ் ஓடாத நாள். ஒரே பெயருக்கு நேராகக் குறுக்கே ஓடினால் வீட்டுக் காரணம். திங்கட்கிழமைகளில் மட்டும் விழுந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். சம்பளம் சனிக்கிழமை, குடி ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. முற்பகல் சிவப்பு, பிற்பகல் சாய்கோடு என்று போய்க்கொண்டிருந்தால் அது காலை வேலைக்குப் போகிற பிள்ளை.

செயலியில் போடுங்கள், அது உத்தரவு. ஆனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி உங்களுக்கென்று தனியாகவும் கோடு போட்டு வையுங்கள். பிள்ளை வராத அன்றைக்கே, மதிய உணவு வேளைக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். மறுநாளும் வரவில்லையென்றால் போன். மூன்றாம் நாளும் வரவில்லையென்றால் நேரில் போக வேண்டும். மார்ச் மாதம் சதவீதத்தைக் கூட்டிப் பார்த்து அதிர்ச்சி அடைவது கண் கெட்ட பிறகு செய்கிற சூரிய நமஸ்காரம்.

ஜூலை 9

நேரில் போக நேரம் எங்கே இருக்கிறது என்று அதே ஆசிரியை கேட்கிறார். உண்மைதான். எமிஸ் என்கிற கல்வித் துறைக் கணினித் தளத்தில் பதிவேற்றம், விலையில்லாப் பொருள் கணக்கு, பயிற்சிக் கூட்டம் என்று நாள் போய்விடுகிறது. அந்தப் பாரத்தை ஆசிரியர் தலையிலிருந்து இறக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போவதை மட்டும் விடாதீர்கள். தனியாகப் போக வேண்டாம். சத்துணவு அமைப்பாளரையோ அந்தத் தெருக்காரரையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று அதட்டாதீர்கள். திண்ணையில் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஜூலை 11

மேலூர்த் தம்பி விடவில்லை. தினமும் வருகிற பிள்ளைக்கு என்ன மரியாதை என்று மறுபடி கேட்கிறார். ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். நம் பக்கத்தில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே அனுப்பமாட்டார்கள். அந்த வழக்கம் ஒரு வகுப்பையே காப்பாற்றுகிறது. பொன்னுக்கு வீங்கியும் மெட்ராஸ் ஐயும் அப்படித்தான். அம்மை போட்ட பிள்ளை வீட்டில் இருப்பது பள்ளிக்குச் செய்கிற உதவி. அதற்காக அவள் பரிசை இழக்கிறாள் என்றால் அந்தப் பரிசு எதற்கு?

தினமும் வருகிறவனுக்கு மரியாதை வகுப்பறையில் கிடைக்க வேண்டும். அவன் வரும்போது ஆசிரியர் வந்திருக்க வேண்டும், பாடம் நடக்க வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். வேறு மரியாதை அவன் கேட்கவில்லை.

ஜூலை 13

காலை வேலைக்குப் போகிற பிள்ளை என்று 8ஆம் தேதி எழுதியிருந்தேன். அது என்ன வேலை என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். மல்லிகைப்பூ பறிக்கிற வேலை.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். அந்தப் பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மொட்டாகவே போய்ச் சேர வேண்டும். விரிந்துவிட்டால் விலை இல்லை. ஆகவே விடிவதற்குள் பறிக்க வேண்டும். மூன்றரை, நான்கு மணிக்கே நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள்.

ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். முற்பகலில் எப்போதும் சிவப்பு. ஒரு நாள் விடியற்காலையில் அவர்கள் காட்டுக்கே போனேன். இடுப்பில் பழைய சேலைத் துணியை மடியாகக் கட்டியிருந்தாள். குனிந்தபடியே நகர்ந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்போடு மொட்டைக் கிள்ளும், உள்ளங்கை நிறையும் வரை மடிக்குப் போகாது. அன்று வெடிக்கப் போகிற மொட்டு எது, நாளைக்கு நிற்க வேண்டிய பிஞ்சு எது என்று அந்த விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் பறித்த மொட்டுகளில் பாதியைப் பிஞ்சு என்று அவள் அம்மா சொன்னார். பனியில் நனைந்து அவள் விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன. அந்த விரல்களோடுதான் பத்து மணிக்கு வந்து பேனா பிடிக்கிறாள். மூன்றாம் பாடவேளையில் ஏன் தூங்குகிறாள் என்று நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

காடு அவர்களுடையது அல்ல, குத்தகை. பூவை எடுக்கிற கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். ஆகவே விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூ அந்தக் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும், பூ மலிந்த நாளில் அந்தக் கூலிக்கே விற்பனை கட்டாது. மகளை நிறுத்தினால் யார் பறிப்பது என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்: பள்ளி நாள்களில் மகள் விடிந்த பிறகே காட்டுக்கு வருவாள், ஏழு மணிக்கு வரப்பில் ஏறிவிடுவாள், எட்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பாள். முகூர்த்த நாளில் மட்டும் எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார் அந்த அம்மா. சரி என்றேன். அந்த நாள்களில் நடத்திய பாடத்தை மறுநாள் மதியம் அவளுக்காகத் திரும்ப நடத்தினேன்.

ஜூலை 14

சிலருக்குக் கோபம். இது குழந்தைத் தொழிலாளர் முறைக்கு ஒத்துழைப்பது இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதினான்கு வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலைக்கு. 2017இல் வந்த விதிகள் இன்னும் தெளிவு: குடும்ப வேலையாகவே இருந்தாலும் இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை பிள்ளையிடம் வேலை வாங்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் மல்லிகைக் காட்டில் விடியலுக்கு முன்னும் பின்னும் நடப்பது எல்லாமே விதிக்கு வெளியே.

அந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எட்டு மணிக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் காட்டில் இருக்கக் கூடாது. ஆனால் அந்த அம்மாவின் மேல் வழக்குப் போட்டால் கமிஷன் கடைக் கடன் அடைந்துவிடுமா? அந்த வீட்டுக்குக் கூட்டுறவுக் கடன் கிடைத்திருந்தால் மகள் தூங்கி எழுந்து நேராகப் பள்ளிக்கு வந்திருப்பாள். அந்த இடத்தில் என்னால் செய்ய முடிந்தது பேச்சு மட்டும். பேசியதால் அவள் படிப்பு நிற்கவில்லை. அவ்வளவு போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜூலை 20

விடுப்புக் கடிதம் பற்றிப் பேச்சு திரும்பியிருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே காய்ச்சல்தான். அது பிள்ளைகளின் குற்றம் இல்லை. மொழிப்பாடத்தில் நாம் கற்றுக்கொடுக்கிற மாதிரிக் கடிதத்திலேயே காய்ச்சல்தான் காரணம்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கொடுத்த கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. "எங்கள் மாடு கன்று போட்டிருக்கிறது. அப்பா ஊரில் இல்லை. நான்தான் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நாள் விடுப்பு வேண்டும்." அதை வகுப்பில் படித்துக் காட்டி, இதுதான் நல்ல கடிதம் என்றேன். மறுநாள் தூக்குச்சட்டியில் சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டான். வகுப்பே தின்றது. அதற்குப் பிறகு உண்மைக் காரணங்கள் வரத் தொடங்கின. ரேஷன் கடையில் வரிசையில் நிற்க வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சீருடை காயவில்லை. அப்பா அடித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில் தேவை. காய்ச்சல் என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

உண்மையைச் சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வர வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. மூன்று நாள் வராமல் வந்தவனை எழுப்பி நிறுத்தி, "ஐயா வந்துவிட்டார், எல்லோரும் வணக்கம் சொல்லுங்கள்" என்று கிண்டல் செய்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் அவன் வரமாட்டான்.

ஜூலை 29

பெண் பிள்ளைகள் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். எழுதத்தான் வேண்டும்.

சடங்கு நாள்கள் ஒரு வகை. வயதுக்கு வந்த பிள்ளையைக் குடிசை கட்டி உட்காரவைத்து, பதினாறு நாள் கழித்துச் சீர் செய்வது இன்னும் பல ஊர்களில் உண்டு. அதுகூடப் பெரிய இழப்பு இல்லை, பாடத்தைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் வராமல் இருப்பதுதான் பெரிது. அதற்குக் காரணம் கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீர் இல்லை, நாப்கினைப் போட இடம் இல்லை. தாழ்ப்பாள் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உள்ளூர பயம் தருவது இன்னொரு வகை. நன்றாகப் படிக்கிற பெண், விடுப்பே எடுக்காதவள், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு திடீரென்று வரமாட்டாள். ஊரில் அவள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். அன்றைக்கே போய்விட வேண்டும். மாமன் மகனுக்குப் பேசி முடித்திருப்பார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்துவைப்பது குற்றம். 1098 எண்ணுக்குப் போன் செய்யலாம், யார் பேசியது என்று வெளியே தெரியாது. இப்படிப் பேசி நின்ற ஒரு நிச்சயதார்த்தம் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் பாட்டி பல மாதங்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து இருக்கிறது. வீட்டில் பேசும்போது அதைச் சொல்லுங்கள். தாய்மார் காதில் நன்றாக ஏறுகிறது.

ஆகஸ்ட் 2

பஸ் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இலவசப் பாஸ் இருக்கிறது, பஸ்தான் இல்லை என்பதே அதன் சாரம். காலை எட்டு மணி டிரிப் ஒன்று ரத்தானால் மூன்று ஊர்ப் பிள்ளைகள் முற்பகல் சிவப்பு. இதற்குப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டித்து என்ன பயன்? ரத்தான தேதிகளைக் குறித்து வைத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு பணிமனை மேலாளருக்குக் கொடுங்கள். தேதி இருந்தால்தான் பேச முடியும்.

ஆகஸ்ட் 10

பூட்டிய வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து வட மாநிலங்களுக்கு முறுக்குக் கம்பெனி வேலைக்கு ஆள் போவது பல காலமாக நடக்கிறது. ஏஜெண்டு வருவார், வீட்டில் ஒரு தொகை முன்பணமாகக் கொடுப்பார், பையனைக் கூட்டிக்கொண்டு போவார். கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருக்கும். அவன் வீட்டுக்குப் போனால் சில சமயம் அம்மா இருப்பார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்பார். சில சமயம் குடும்பமே கிளம்பியிருக்கும், கதவில் பூட்டு. அப்படி ஒரு வீட்டு வாசலில் நான் நின்றபோது பையனின் சைக்கிள் திண்ணைத் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவன் பெயரை எடுக்காமல் வைத்திருக்கும்படி தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனைத் திரும்ப அனுப்பவிடாமல் பிடித்துக்கொண்டோம். முன்பணக் கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது, அந்தக் கடனும் செல்லாது. இதைப் பையனின் அப்பாவுக்குப் புரியவைத்தவர் கிராம நிர்வாக அலுவலர். ஏஜெண்டு அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு வரவில்லை.

இதனால்தான் பெயரை நீக்குவதில் அவசரம் கூடாது என்கிறேன். மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் எமிஸில் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பள்ளிக்கு வருகைச் சதவீதம் அழகாக ஏறும். பிள்ளை யாருடைய கணக்கிலும் இருக்கமாட்டான்.

ஆகஸ்ட் 11

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. வெளியூரிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டி.சி. இல்லையென்று சேர்க்க மறுப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். மறுக்க முடியாது. சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

ஆகஸ்ட் 17

பயம் இருந்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும் என்ற வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் பதிவேடு என்றால் என்ன என்பதை நினைத்துப் பார்த்தேன்.

சில சாதியாரைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பிறமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் வந்து இருப்பைக் காட்ட வேண்டும். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில்தான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் தொடங்கின. அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள், எனக்குப் பாடம் எடுத்தவர்களிலும் இருந்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பையனின் பூட்டனார் அந்த ரேகை வைத்தவர். பையன் ஏன் வரவில்லை என்று கேட்கப் போனபோது அவன் தாத்தா என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அதை மூடிவைத்துவிட்டுப் பேசுங்கள் டீச்சர் என்றார். மூடிவைத்தேன். அதன் பிறகு எந்த வீட்டுக்கும் நோட்டைக் கொண்டுபோனதில்லை.

ஆகஸ்ட் 27

நேற்றிலிருந்து நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று இந்தத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. மறு வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்த ஆண்டும், அதற்கு முன் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்த காலமும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வருகைக்காக நம் மாநிலத்தில் எடுத்த நடவடிக்கைகளில் உருப்படியாக நின்றவை எல்லாம் சோற்றோடு வந்தவையே. திங்கட்கிழமை அடுப்பு எரியாத வீட்டைப் பற்றி முன்னே எழுதினேன் அல்லவா? உப்புமாவும் சாம்பாரும் எட்டரை மணிக்குத் தட்டில் விழும் என்றால் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை தானே கிளம்பி வந்துவிடும்.

ஆனால் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போன அண்ணனும் அக்காளும் தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்கள். நழுவல் தொடங்குகிற வயது அதுதான். எட்டு வரை கொடுக்க வேண்டும் என்று இங்கே படிக்கிற அத்தனை பேரும் கிராம சபையில் கேளுங்கள்.

செப்டம்பர் 6

மேலூர்த் தம்பி நீண்ட நாள் கழித்து எழுதியிருக்கிறார். அந்த ஏழெட்டுப் பேரில் மூன்று பேர் வீட்டுக்குப் போனாராம். ஒருவன் கேட்டரிங் வேலைக்குப் போகிறான், முகூர்த்த நாள்களில் இரவு முழுக்கப் பரிமாறுகிறான். ஒருவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி வேண்டும், வெட்கத்தில் சொல்லவில்லை. மூன்றாமவன் வீட்டில் பேசவே இல்லை. 75 சதவீதக் கருத்தை இன்னும் விடவில்லை, ஆனால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை வைக்கப் போகிறேன் என்கிறார்.

வையுங்கள், தம்பி. அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தை மதியம் வைத்தால் வேலைக்குப் போகிற தாய்மார் வரமுடியாது, ஒரு நாள் கூலி போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டுங்கள், காலாண்டுத் தேர்வுக்கு முன் கிடைத்தால் நல்லது. கேட்டரிங் பையனின் வயதைக் கேளுங்கள். பதினான்குக்கு மேல் என்றாலும் இரவு வேலை கூடாது, கூட்டிப்போகிறவரிடம் அதை நேராகச் சொல்லுங்கள். பேசாத வீட்டுக்கு அடுத்த முறை உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.